மாலை ஆறு மணிக் கணக்கு

வாசகர் கேள்வி – பதில்

கடலூர் மாவட்டத்தின் ஒரு வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் புள்ளியாளராக வேலை பார்த்து 2022-ல் ஓய்வு பெற்றேன். கொரோனா காலத்துக் கணக்கு பற்றி என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் ஐந்தை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: தினமும் மாலையில் டிவியில் ஒரு எண் சொல்வார்களே, அதை யார் எண்ணினார்கள்? (நர்ஸிங் மாணவி, சேலம்)

எங்களைப் போன்றவர்கள்தான் அம்மா. மூக்கில் குச்சி விட்டுச் சளி எடுக்கும்போதே பெயர், வயது, முகவரி, செல் எண் என்று ஒரு படிவம் நிரப்புவார்கள். சாம்பிள் லேப்புக்குப் போகும். ஆரம்பத்தில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போல விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்கள்தான் இருந்தன. முடிவு ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இணையதளத்தில் ஏறி, மாவட்டத்துக்கு வந்து, அங்கிருந்து எங்கள் வட்டாரத்துக்கு ஒரு எக்செல் பட்டியலாக வரும். அதற்குப் பெயர் லைன் லிஸ்ட். ஒரு வரிக்கு ஒரு ஆள். ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, ஆள் எங்கே இருக்கிறார், மூச்சுத் திணறல் உண்டா, வீட்டில் வயதானவர்கள் யார் என்று கேட்டு, திருத்திய பட்டியலை மேலே அனுப்புவோம். எல்லா மாவட்டமும் சேர்ந்து பொது சுகாதாரத் துறை இயக்குநரகத்தில் ஒரே அறிக்கையாகி மாலையில் வெளியாகும்.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. 2020 மே முதல் வாரத்தை நினைத்தால் எனக்கு இன்னும் கை நடுங்கும். தொற்று பரவிய சென்னைக் கோயம்பேடு மார்க்கெட்டில் வேலை பார்த்தவர்கள் கிடைத்த லாரியில் ஏறிக் கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று ஊர் திரும்பிய வாரம் அது. மே 5-ம் தேதி மார்க்கெட்டையே மூடினார்கள். எனக்கு வந்த பட்டியல் ஒன்றில் பதினோரு பேருக்கு ஒரே செல் எண். போட்டேன். எடுத்தவர் அவர்களை ஏற்றி வந்த லாரி டிரைவர். "அவங்ககிட்ட போன் இல்ல மேடம், என் நம்பரைக் குடுத்துட்டாங்க" என்றார். அப்புறம், யார் எங்கே இறங்கினார் என்று ஒவ்வொருவராகச் சொன்னார். இரண்டு பேர் பண்ருட்டி, மூன்று பேர் நெய்வேலி ஆர்ச் கேட், காலில் கட்டுப் போட்ட ஒருவர் வழியில் ஒரு டீக்கடை பக்கம். அவர் சொல்லச் சொல்ல எழுதி அந்தந்தக் கிராம சுகாதார செவிலியரைக் கூப்பிட்டோம். ராத்திரி பத்து மணிக்குள் பதினோரு பேரும் கிடைத்தார்கள். அன்றைய அறிக்கையில் கடலூருக்கு நேரே இருந்த எண்ணுக்குள் அந்த டிரைவரின் ஞாபகசக்தியும் இருக்கிறது.

கேள்வி: என் நண்பர் 2021 மே மாதம் கோவிட் வார்டில் இறந்தார். இறப்புச் சான்றிதழில் காரணமே போடவில்லை. மறைத்துவிட்டார்களா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவாரூர்)

உங்கள் வருத்தம் புரிகிறது ஐயா. ஆனால் சான்றிதழில் காரணம் இல்லாதது மறைப்பதற்காக அல்ல. 1969-ம் வருடத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-வது பிரிவே, குடும்பத்துக்குக் கொடுக்கும் சான்றில் இறப்புக் காரணத்தை வெளியிடக்கூடாது என்கிறது. எந்த நோயில் இறந்தாலும் இதுதான் விதி.

காரணம் வேறொரு தாளில் இருக்கும். ஆஸ்பத்திரியில் இறந்தால் படிவம் 4, வீட்டில் இறந்தால் படிவம் 4ஏ. பார்த்த டாக்டர் எழுத வேண்டும். முதல் பகுதியில் மூன்று வரிகள்: உயிர் பிரிய நேரடிக் காரணம், அதற்குக் காரணமானது, எல்லாவற்றுக்கும் மூலமானது. இரண்டாவது பகுதியில் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு போல உடனிருந்த நோய்கள். மூன்றாவது வரிதான் உயிர். நாட்டின் இறப்புக் காரணக் கணக்கு அந்த மூல நோயை வைத்துத்தான் போடப்படுகிறது.

அந்த வரி காலியாக வந்த தாள்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் வரியில் "இருதயம், சுவாசம் நின்றது" என்று மட்டும் இருக்கும். சாகிற எவருக்கும் அவை நிற்கத்தானே செய்யும்? ஏன் நின்றது என்பதுதான் கேள்வி. ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து அப்படி வந்த தாளை நான் திருப்பி அனுப்பினேன். அதே வாசகத்தோடு மறுபடி வந்தது. மூன்றாவது தடவை டாக்டரையே போனில் பிடித்தேன். முப்பத்தாறு மணி நேரமாக டூட்டியில் இருந்தவர் அவர். "ஸாரிம்மா, சி.டி.யில ரெண்டு நுரையீரலும் வெள்ளையா இருந்தது, டெஸ்ட் மட்டும் நெகட்டிவ்" என்றார். கோவிட் என்று சந்தேகப்பட்டதையாவது எழுதுங்கள், அதற்கென்று தனிக் குறியீடே இருக்கிறது என்றேன். உறுதியானால் யு07.1, சந்தேகமானால் யு07.2. எழுதி அனுப்பினார். திருப்பி அனுப்ப நேரமில்லாமல் நான் விட்டுவிட்ட தாள்களும் உண்டு. அவற்றை நினைத்தால் இன்றைக்கும் மனது கேட்பதில்லை.

உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2021 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு வழிமுறை வெளியிட்டது. தொற்று உறுதியான 30 நாளுக்குள் இறந்தால், ஆஸ்பத்திரிக்கு வெளியே இறந்திருந்தாலும் கோவிட் இறப்புதான். குடும்பத்துக்குச் சந்தேகம் இருந்தால் மாவட்டக் குழுவிடம் முறையிடலாம். 50,000 ரூபாய் நிவாரணமும் இதன்படிதான் கொடுத்தார்கள். நண்பரின் குடும்பம் அதை வாங்கினார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் கொரோனாவில் 38 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்பதை நம்பலாமா? (வாசகர், கோவை)

அத்தனை பேராவது இறந்தார்கள் என்பதை நம்பலாம். அவ்வளவுதான் என்பதை நான் நம்பவில்லை.

2020 ஜூனில் சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் இருந்த பெயர்கள் மாநில அறிக்கையில் இல்லை என்று தெரியவந்தது. அரசு ஒரு குழு போட்டது. பதிவேட்டையும் லைன் லிஸ்ட்டையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தார்கள். ஜூலை 22-ம் தேதி ஒரே நாளில் 444 பழைய இறப்புகளைக் கணக்கில் சேர்த்தார்கள். மொத்தம் 3,144 ஆனது. அன்றைக்கு அரசைத் திட்டியவர்கள் அதிகம். எனக்கோ நிம்மதியாக இருந்தது. விடுபட்டதை ஒத்துக்கொண்டு சேர்த்தது சரியான காரியம். தமிழக அறிக்கையில் இன்னொரு நல்ல வழக்கமும் இருந்தது. ஒவ்வொரு இறப்புக்கும் வயது, ஆணா பெண்ணா, எந்த ஊர், எப்போது சேர்த்தார்கள், உடனிருந்த நோய், இறந்த நேரம் என்று ஒரு பத்தி எழுதுவார்கள். பெயர் இருக்காது. படித்தால் ஒரு மனிதர் தெரிவார்.

விடுபட்டவர்களைப் பிடிக்க இன்னொரு வழி உண்டு. காரணத்தையே விட்டுவிட்டு, எந்தக் காரணத்திலாவது இறந்த எல்லோரையும் எண்ணுங்கள். முந்தைய வருடங்களின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். கூடுதலாக இருப்பது பெருந்தொற்றின் மொத்த பாரம். உலக சுகாதார நிறுவனம் இந்த முறையில் 2020, 2021 இரண்டு வருடத்துக்கும் இந்தியாவில் சுமார் 47 லட்சம் கூடுதல் இறப்பு என்று மதிப்பிட்டது. 2021 முடிவில் அரசுக் கணக்கு 4.81 லட்சம்தான். மத்திய அரசு அந்த மதிப்பீட்டின் முறையையே ஏற்கவில்லை. 47 லட்சம் என்பதை நானும் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் 2021 மே மாதம் எங்கள் வட்டாரத்தில் சுடுகாட்டு வரிசையைப் பார்த்தவள் நான்.

கேள்வி: தினசரி எண்ணிக்கை குறைந்தால் நிலைமை சரியாகிவிட்டது என்று அர்த்தமா? (கல்லூரி மாணவர், மதுரை)

இல்லை. எத்தனை டெஸ்ட் எடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கணும். தமிழ்நாட்டில் சளியை லேப்பில் சோதிக்கும் ஆர்டி-பிசிஆர் டெஸ்ட் மட்டுமே எடுத்ததால் ஒரு நாளை இன்னொரு நாளோடு ஒப்பிட முடிந்தது. ஆஸ்பத்திரியின் கஷ்டம் தொற்றுக்குப் பின்னால் வரும். 2021 மே 21-ல் 36,184 பேர், அதுதான் தினசரி எண்ணிக்கையின் உச்சம். இறப்பின் உச்சம் மே கடைசியில் வந்தது. எண்ணிக்கை இறங்குகிறது என்று டிவியில் சந்தோஷமாகச் சொன்ன நாட்களில்தான் ஆக்சிஜன் படுக்கை கேட்டு எங்களுக்கு அதிகம் போன் வந்தது.

கேள்வி: லாக்டவுனில் பஸ் இல்லாமல் என் அம்மாவுக்கு மூன்று மாதம் சர்க்கரை மாத்திரை கிடைக்கவில்லை. கால் புண்ணாகி, பாதத்தில் பாதியை எடுத்தார்கள். கொரோனா வரவே இல்லை. அவர் எந்தக் கணக்கில் வருவார்? (வாசகி, தர்மபுரி)

உங்கள் கடிதத்துக்காகத்தான் இந்தப் பதில்களை எழுத ஒத்துக்கொண்டேன் சகோதரி. மாலை அறிக்கையில் உங்கள் அம்மா இல்லை. ஆனால் வேறொரு நோட்டில் இருக்கிறார்.

ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சர்க்கரை, ரத்தக் கொதிப்புக்குத் தனிப் பதிவேடு உண்டு. மாதத்துக்கு ஒரு கட்டம். வந்தால் தேதி, ரத்த சர்க்கரை அளவு, கொடுத்த மாத்திரை எழுதுவார்கள். வராவிட்டால் கட்டம் வெள்ளையாக இருக்கும். 2020 ஜூனில் எங்கள் பதிவேட்டைப் புரட்டினேன். மார்ச் வரை நீல மையில் நிறைந்திருந்தது. ஏப்ரலில் பாதிப் பக்கம் வெறும் தாள். மே மாதமும் அப்படியே. ஊர் வாரியாகப் பார்த்தபோதுதான் புரிந்தது: மெயின் ரோட்டை ஒட்டிய ஊர்க்காரர்கள் நடந்தாவது வந்துவிட்டார்கள். மினி பஸ்ஸை நம்பியிருந்த ஊர்கள் மொத்தமாக வரவில்லை. அந்த வெள்ளைக் கட்டங்களை ஊர் ஊராக எண்ணி ஒரு தாளில் எழுதி மருத்துவ அலுவலரிடம் கொடுத்தேன். மறுநாளே செவிலியர்கள் ஸ்கூட்டியில் இரண்டு மாத மாத்திரையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். ஏப்ரலிலேயே நான் எண்ணியிருக்க வேண்டும். எல்லோரும் லைன் லிஸ்ட்டில் தலையைப் புதைத்திருந்தோம்.

காசநோயிலும் இதே கதைதான். இந்தியாவில் 2019-ல் 24.04 லட்சம் காசநோயாளிகள் பதிவானார்கள். 2020-ல் 18.05 லட்சம். ஆறு லட்சம் பேருக்கு நோய் குணமாகிவிடவில்லை. சளிப் பரிசோதனைக்கு அவர்கள் வரவில்லை, வந்தவர்களுக்கும் இருமல் என்றாலே கொரோனா டெஸ்ட்தான் எடுத்தார்கள். நோயாளி எண்ணிக்கை குறைந்தால் நல்ல செய்தி என்று நினைக்கும் பழக்கம் எங்கள் துறையிலேயே இருக்கிறது. அந்த வருடம் குறைந்த ஒவ்வொரு எண்ணும் எனக்குப் பயத்தைத்தான் கொடுத்தது.

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அதைப் பற்றிய குறைகளும் என் காதுக்கு வருகின்றன. ஆனால் அந்த வெள்ளைக் கட்டங்களைப் பார்த்த யாரும் அது வேண்டாத வேலை என்று சொல்லமாட்டார்கள்.

நீங்கள் ஒன்று செய்யலாம். அம்மா முன்பு மாத்திரை வாங்கிய ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், 2020-ம் வருடப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே பார்க்கச் சொல்லுங்கள். பழைய பதிவேடுகள் ஸ்டோர் ரூமில் மூட்டையாகக் கிடக்கும், எடுக்கச் சோம்பல்படுவார்கள், விடாதீர்கள். வெள்ளைக் கட்டம் இருந்தால், பாதத்தில் பாதியை எடுத்த தேதியை ஓரத்தில் குறிக்கச் சொல்லுங்கள். அடுத்த தடவை யாராவது அந்தப் பதிவேட்டைப் புரட்டினால், மூன்று வெள்ளைக் கட்டத்துக்குப் பக்கத்தில் அந்தத் தேதியும் இருக்கட்டும்.