நீள வாளா, பெரிய கேடயமா? ஃபோம் வாள் சண்டைக்காரர்களுக்குக் கேள்வி-பதில்

கேள்வி: ஃபோம் சுற்றிய வாளால் ஒருவரையொருவர் அடித்து ஆடும் விளையாட்டான ஃபோம் வாள் சண்டைப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். கையில் இருப்பது 34 அங்குல வாளும் 26 அங்குல வட்டக் கேடயமும். என்னைவிடக் குள்ளமானவர்கள்கூட வந்து காலைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். 40 அங்குலத்தில் ஒரு கார்பன் ஃபைபர் வாளைப் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அடி வாங்குவது கால். அதை 40 அங்குல வாளாலும் காப்பாற்ற முடியாது.

எதிராளி காலுக்கு வரும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். கையைத் தோள் உயரத்தில் நேராக நீட்டும்போதுதான் வாளுக்கு முழு எட்டு, அதாவது எட்டும் தூரம். கீழே சாய்த்து அடித்தால் எட்டு குறைந்துவிடும். அதனால் உங்கள் முன்காலைத் தொட வேண்டுமானால் அவர் இன்னும் நெருங்கி வந்தாக வேண்டும். வந்தால் அவருடைய வாள் கையும் தோளும் உங்கள் எட்டுக்குள். நீங்களோ அந்த நேரத்தில் கேடயத்தைக் கீழே இறக்கிக் காலைக் காக்கப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதைத்தான் அவர் எதிர்பார்க்கிறார். அடுத்த அடி திறந்து கிடக்கும் தோளில் விழும். கேடயத்தை அசைக்காமல் முன்காலைப் பின்னுக்கு இழுங்கள், அதே நொடியில் அவர் கையை அடியுங்கள். இதற்கு 34 அங்குலம் தாராளம்.

இன்னொன்றையும் சோதித்துப் பாருங்கள். நண்பர் ஒருவரை உங்களுக்கு நேர் எதிரே நிறுத்தி, நீங்கள் சண்டை போடுவதைப் போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு போட்டுப் பார்க்கும்போது வாளைப் பார்க்காதீர்கள், கேடயத்தை மட்டும் பாருங்கள். வலக்கைக்காரர் வேகமாக வீசும்போது இடுப்பு இடப்பக்கம் திரும்பும். கேடயக் கையும் கூடவே பின்னால் போய்விடும். நெஞ்சு முழுக்கத் திறந்துவிடும். இது ஏறக்குறைய எல்லாப் புதியவர்களிடமும் இருக்கும். ஆனால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், படத்தில் பார்த்தால்தான் நம்புவார்கள்.

இதைச் சரிசெய்யக் காசு வேண்டாம், ஒரு கதவு நிலை போதும். நிலை உங்கள் இடப்பக்கம் இருக்கட்டும். கேடயத்தின் வெளிவிளிம்புக்கும் நிலைக்கும் நாலு விரல் இடைவெளி விட்டு நில்லுங்கள். கேடயத்தின் மேல்விளிம்பு மூக்கு உயரம். இப்போது வாளை ரொம்ப மெதுவாக வீசுங்கள். முதலில் இடுப்பு, அடுத்து முழங்கை, கடைசியில் மணிக்கட்டு. விளிம்பு நிலையில் 'டொக்' என்று இடித்தால் கேடயம் வெளியே ஓடுகிறது. இடைவெளி அகன்றால் உள்ளே சுருங்குகிறது. மேல்விளிம்பு வாய்க்குக் கீழே போனால் இறங்குகிறது. இடிக்காமல், அகலாமல், இறங்காமல் வீச வந்த பிறகுதான் வேகத்தைக் கூட்ட வேண்டும். அடித்த வாளை அடித்த இடத்திலேயே விட்டுவிடாதீர்கள். போன வழியே திரும்பிக் காவலுக்கு வந்துவிட வேண்டும். அடி விழுந்ததா என்று நின்று பார்ப்பவர்தான் முதலில் சாவார்.

நீள வாளுக்கும் ஒரு வார்த்தை. நுனி தள்ளிப் போகப் போக அதைக் கிளப்பவும் நிறுத்தவும் அதிக நேரம் பிடிக்கும். ஃபோமுக்குள் இருக்கும் தண்டு கார்பன் ஃபைபராக இருந்தால் எடை குறையும் என்பது உண்மை. ஆனாலும் நுனியில் இருக்கும் ஃபோமுக்கு எடை இருக்கத்தானே செய்கிறது? தவிர, கேடயத்தோடு கேடயம் ஒட்டிக்கொள்ளும் நெருக்கத்தில் நீள வாள் வெறும் இடைஞ்சல். அங்கே வேலை செய்வது எதிராளியின் கேடய விளிம்பைத் தாண்டிக் கொண்டுபோய், உள்ளங்கையை மேலே புரட்டி, தோளின் பின்பக்கத்திலோ தொடையின் பின்பக்கத்திலோ போடும் சுற்றடி. 30 முதல் 36 அங்குலம் வரை உள்ள வாள்கள் கேடயத்தோடு பரவலாகப் புழங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். காலும் கேடயமும் சரியான பிறகும் எட்டவில்லை என்று தோன்றினால், களத்தில் யாரிடமாவது நீள வாளை ஒரு நாள் இரவல் வாங்கி ஆடிப் பாருங்கள். வாங்குவதை அப்புறம் யோசிக்கலாம்.

கேள்வி: கேடயத்தில் நடுவில் ஒரே கைப்பிடி உள்ளது, முன்கையில் வார் போட்டுக் கட்டுவது என்று இரண்டு வகை விற்கிறார்கள். எது நல்லது? எவ்வளவு பெரியதாக வாங்க வேண்டும்?

பதில்: தனியாளோடு மோதுவதுதான் அதிகம் என்றால் நடுப்பிடி. கேடயத்தை உடம்பிலிருந்து தள்ளி நீட்டலாம், மணிக்கட்டைத் திருப்பினாலே விளிம்பு திரும்பும், எதிராளியின் வாள் கிளம்பும் இடத்திலேயே போய் மறிக்கலாம். குறை என்னவென்றால் மணிக்கட்டு சீக்கிரம் ஓய்ந்துவிடும். வரிசையில் தோளோடு தோள் நின்று கூட்டமாக மோதுபவருக்கு வார்க் கேடயம். எடை முன்கையில் பரவுவதால் நெடுநேரம் தாங்கும். எனக்கு நடுப்பிடியின் மேல்தான் சாய்வு. கேடயத்தை அசைக்கக் கற்றுக்கொடுப்பது அதுதான்.

அளவை உயரத்தை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். கேடயத்தைக் காவல் நிலையில் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். மேல்விளிம்பு தானாகக் கீழே வந்தால் அது உங்களுக்குக் கனம். பிறகு வாளையும் எடுத்து வீசிப் பாருங்கள். உங்கள் வாளே உங்கள் கேடயத்தில் இடித்தால் அது பெரிது. எதிரே நிற்பவரின் இடுப்பு உங்கள் கண்ணுக்கு மறைந்தாலும் பெரிதுதான். பெரிய கேடயத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் புதியவர் எதையும் பார்ப்பதில்லை. பார்க்காதவரைச் சுற்றிப் போய் அடிப்பது ரொம்பச் சுலபம். வட்டக் கேடயம் என்றால் 24 முதல் 30 அங்குலத்துக்குள் உங்களுக்கு ஒன்று அமையும்.

வாங்கும்போது திருப்பிப் போட்டுப் பார்க்க மறக்காதீர்கள். விளிம்பு முழுக்கச் சுற்றிலும் ஃபோம் இருக்க வேண்டும். போல்ட் தலைகளும் ரிவெட்டுகளும் வெளியே தெரியக்கூடாது. பிடியை முறுக்கினால் ஆடக்கூடாது.

கேள்வி: இணையத்தில் 'ஃபோம் வாள்' என்று போட்டிருந்ததைப் பார்த்து வாங்கினேன். இரும்பு மாதிரியே பளபளப்பு, அவ்வளவு அழகு. களத்தில் ஆயுதச் சோதனை செய்பவர் கையில் வாங்கிப் பார்த்ததுமே 'இது கூடாது' என்று ஒதுக்கிவிட்டார். விற்றவர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். நியாயமா?

பதில்: உங்களிடம் வந்திருப்பது லேடெக்ஸ் பூசிய நாடக விளையாட்டு வாள். கதாபாத்திரம் ஏற்று நடித்துக்கொண்டே, அடியை அடக்கிப் போடும் விளையாட்டுக்காகச் செய்தது. அதன் தண்டு பெரும்பாலும் நுனி வரைக்கும் போகாது. குத்தினால் நுனி மடங்கும், தண்டு ஃபோமைக் கிழித்துக்கொண்டு வெளியே வரலாம். முழு பலத்தில் அடிக்கும் களத்துக்கான வாள் பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். காற்றுக் குமிழிகள் உள்ளேயே அடைபட்ட, தடித்த, கெட்டியான 'மூடிய அறை' ஃபோம், தண்டின் முனையில் மூடி, குத்து வாளானால் நுனியில் பஞ்சு மாதிரி மெத்தென்ற 'திறந்த அறை' ஃபோம், எல்லாவற்றுக்கும் மேல் துணி உறை. இரண்டுக்குமே கடையில் ஒரே பெயர். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பணம் திரும்புமா என்பது விற்பனைப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்பதைப் பொறுத்தது. 'முழுத் தொடுகைச் சண்டைக்கு ஏற்றது', 'எல்லாக் களத்திலும் செல்லும்' என்கிற மாதிரி ஏதாவது இருந்தால், சொன்னது ஒன்று, தந்தது ஒன்று. அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். சோதித்தவரிடம் நிராகரித்த காரணத்தை இரண்டு வரி எழுதி வாங்குங்கள். அப்புறம் விற்றவருக்கு எழுத்தில் கேளுங்கள், தொலைபேசியில் சண்டை போடாதீர்கள். அப்படி எதுவும் எழுதாமல் வெறுமனே 'ஃபோம் வாள்' என்று மட்டும் போட்டிருந்தால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. உங்கள் களத்தின் விதி அவருக்கு எப்படித் தெரியும்?

விதிகள் இடத்துக்கு இடம் மாறும் என்பதையும் மறக்க வேண்டாம். அமெரிக்காவில் 1977-ல் தொடங்கிய டாகர்ஹிர் என்ற ஃபோம் சண்டை அமைப்பில் அடி போதிய பலத்தோடு விழுந்தால்தான் கணக்கு. 1983-ல் தொடங்கிய ஆம்ட்கார்ட் என்ற இன்னொரு அமைப்பில் லேசான அடியே போதும், தலையும் கழுத்தும் அறவே கூடாது. ஒன்றில் செல்லும் வாள் இன்னொன்றில் செல்லாமல் போகலாம். ஆகவே அடுத்த முறை ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே விற்பவரிடம் தண்டு எதனால் ஆனது, ஃபோம் எத்தனை பருமன், நுனியில் என்ன இருக்கிறது, மொத்த எடை எவ்வளவு என்று கேட்டு, பதிலைச் சோதனைக்காரரிடம் காட்டிவிடுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்க வேண்டாம்.

இப்போது கையில் இருப்பதை வெயிலிலும் எண்ணெய்ப் பசையிலும் படாமல், நுனியைத் தரையில் ஊன்றாமல் வைத்திருங்கள். நாடக விளையாட்டு ஆடுபவர் யாராவது வாங்கிக்கொள்வார்.

கேள்வி: பழைய ஃபோம் வாள் ஒன்று மலிவாக வருகிறது. என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: கட்டைவிரலால் அடிக்கும் விளிம்பு முழுக்க, ஒரு விரல் இடம்கூட விடாமல் அழுத்திக்கொண்டே போங்கள். தண்டு எலும்பு மாதிரி விரலில் தட்டும் இடம் வந்தால் ஃபோம் செத்துவிட்டது. நுனியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்தான் பெரும்பாலும் அப்படி இருக்கும், அடி விழுவதெல்லாம் அங்கேதானே. அடுத்து ஒரு கையால் பிடியையும் மறுகையால் அலகையும் பிடித்து முறுக்குங்கள். அலகு மட்டும் தனியாகச் சுழன்றால் பசை விட்டுவிட்டது. காதருகே வைத்து லேசாக வளையுங்கள். கிறீச்சென்றோ படபடவென்றோ கேட்டால் ஃபைபர்கிளாஸ் தண்டில் விரிசல், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். உறைத் துணி கிழிந்திருந்தால் கவலையில்லை, தைத்துக்கொள்ளலாம். துணிக்குப் பதில் டேப் சுற்றியிருந்தால் பேரம் பேசுங்கள். அடி சுள்ளென்று விழும், பிரித்துவிட்டு உறை தைக்க வேண்டிவரும்.

கேள்வி: வீட்டில் அடித்துப் பழகப் பயிற்சிக் கம்பம் விற்கிறார்கள். தேவையா?

பதில்: தேவை, ஆனால் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. உறுதியான கம்பம் ஒன்றில் பழைய டயரையோ மெத்தைத் துண்டையோ கட்டினால் போதும். தோள், இடுப்பு, தொடை உயரங்களில் சாக்பீஸால் கோடு போடுங்கள். சும்மா நின்று விளாசினால் கை மட்டும்தான் வளரும். எட்டுக்கு வெளியே நின்று, உள்ளே நுழைந்து, ஒரு அடி போட்டு, கேடயத்தோடு வெளியே வர வேண்டும். இதற்கு நல்ல வாளைப் பாழாக்காமல் சோதனையில் தோற்ற பழையதைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: வாள்-கேடய நுணுக்கங்களைக் கற்றுத்தரும் கட்டண வீடியோ வகுப்பில் சேரலாமா? மாதிரிக்கு ஒரு பாடம் பார்த்தேன். இரும்புத் தலைக்கவசம் போட்டுக்கொண்டு பிரம்பு வாளால் மோதுகிறார்கள். கற்றுத்தருபவர் கெட்டிக்காரர்தான்.

பதில்: கெட்டிக்காரராகவே இருக்கட்டும், அவர் ஆடுவது வேறு விளையாட்டு. 1966-ல் தொடங்கிய எஸ்.சி.ஏ. என்ற அமைப்பின் கவசச் சண்டை மாதிரி தெரிகிறது. அங்கே தலையில் அடிக்கலாம், முழங்காலுக்குக் கீழே அடிக்கக்கூடாது. அதனால் அவர்கள் கேடயத்தை உயரமாகப் பிடித்து, முன்காலைக் கவலையில்லாமல் நீட்டி நிற்பார்கள். ஃபோம் களத்தில் அநேகமாக எல்லாம் தலைகீழ். வாளால் தலையில் அடிக்கக்கூடாது, கெண்டைக்காலில் அடிக்கலாம். டாகர்ஹிர் மாதிரியான விதிகளில் ஒரு காலில் அடி விழுந்தாலே மீதிச் சண்டையை முழங்காலிட்டுத்தான் போட வேண்டும், இன்னொரு கையோ காலோ போனால் ஆட்டம் முடிந்தது. அந்த நிற்கும் முறையை அப்படியே காப்பியடித்தால், முதல் கேள்வி கேட்டவருக்கு நேர்வதுதான் உங்களுக்கும் நேரும்.

வீசும் முறைக்காகவும் இடுப்பைத் திருப்பும் விதத்துக்காகவும் பார்க்கலாம். அதற்கு இலவசமாகக் கிடைப்பதே போதும். கட்டணம் கட்டத்தான் போகிறீர்கள் என்றால், நீங்கள் ஆடி அனுப்பும் படத்தைப் பார்த்துத் திருத்திச் சொல்லும் ஆசிரியர், அதுவும் உங்கள் விதியிலேயே ஆடுபவர் கிடைத்தால் கட்டுங்கள். முழு ஆண்டுக்கும் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டிப் பாருங்கள்.