ரிப்போர்ட்டில் ‘பாசிட்டிவ்’ என்று வந்தால் நோய் என்று அர்த்தமா?

கேள்வி: எனக்கு வயது 34. பள்ளி ஆசிரியை. ஆறு மாதமாக விரல்களிலும் முழங்காலிலும் வலி. பள்ளி விட்டு வந்தபிறகு சாயங்காலத்தில்தான் அதிகம். காலையில் எழுந்ததும் ஒரு பத்து நிமிடம் கை இறுக்கமாக இருக்கும். எந்நேரமும் அசதி. ஒரு லேபில் ‘மூட்டுவலி பேக்கேஜ்’ என்று சலுகை விலையில் போட்டிருந்ததால் நானே போய் ரத்தம் கொடுத்தேன். ஆர்.ஏ. ஃபேக்டர் 28 (20-க்குள் இருக்க வேண்டுமாம்), ஏ.என்.ஏ. 1:80 பாசிட்டிவ், ஈ.எஸ்.ஆர். 42, சி.ஆர்.பி. நார்மல், ஹீமோகுளோபின் 9.2. இன்டர்நெட்டில் தேடினால் சரவாங்கி என்கிறது, லூபஸ் என்கிறது. இரண்டாவது குழந்தைக்கு ஆசைப்பட்டுக்கொண்டிருந்தோம். ‘இனி அதெல்லாம் வேண்டாம்’ என்கிறார் நாத்தனார். ராத்திரி தூக்கமே இல்லை. எனக்கு எந்த நோய், டாக்டர்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எண்களையெல்லாம் அவ்வளவு கவனமாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நான் தேடிய ஒரு வார்த்தை அதில் இல்லை: வீக்கம். விரல் மூட்டு வீங்கியிருக்கிறதா, இல்லையா? இந்த ஐந்து எண்களையும்விட அந்த ஒரு விஷயம் எனக்கு முக்கியம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஈ.எஸ்.ஆர். உங்கள் ரத்தத்தை ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயில் நிறுத்திவைத்து, ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்குகின்றன என்று பார்ப்பதுதான் அந்தப் பரிசோதனை. உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் சிவப்பணுக்கள் நாணயம் அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு வேகமாக இறங்கும். ஆனால் ரத்தசோகை இருந்தாலும் வேகமாகத்தான் இறங்கும். உங்கள் ஹீமோகுளோபின் 9.2. அந்த 42-இல் பெரும்பங்கு ரத்தசோகையாகவே இருக்கலாம். சி.ஆர்.பி. நார்மல் என்பதும் இதற்கு ஒத்துப்போகிறது. 1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடித்த புரதம் அது. ஈரலில் உண்டாகிறது, அழற்சி வந்தால் சில மணி நேரத்தில் ஏறும், தணிந்தால் சட்டென்று இறங்கும். ரத்தசோகை அதைப் பெரிதாக அசைப்பதில்லை.

அடுத்து உங்களைத் தூங்கவிடாத ஏ.என்.ஏ. நம் செல்லின் உட்கருவோடு போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடிகள் (எதிர்ப்புப் புரதங்கள்) ரத்தத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனை இது. கண்ணாடித் தகட்டில் வளர்த்த செல்கள்மேல் உங்கள் சீரத்தை (ரத்தத்தில் செல்கள் நீங்கிய தெளிந்த நீர்) ஊற்றி, இருட்டறையில் மைக்ராஸ்கோப் வழியே பச்சையாக ஒளிர்கிறதா என்று பார்ப்பார்கள். புளிக்கரைசலில் தண்ணீர் சேர்த்துக்கொண்டே போய், எந்த இடத்தில் புளிப்பு தெரியாமல் போகிறது என்று பார்ப்பதுபோல, சீரத்தை 40 மடங்கு, 80 மடங்கு, 160 மடங்கு என்று நீர்க்கச் செய்துகொண்டே போவார்கள். உங்களுக்கு 80 மடங்கில் ஒளிர்ந்திருக்கிறது. எந்த நோயும் இல்லாத 100 பேரை எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய 13 பேருக்கு 1:80 பாசிட்டிவாக வரும் என்று 1997-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. 1:40-இல் பார்த்தால் 30 பேருக்கு மேல்! லூபஸ் என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் ஆட்டோ இம்யூன் நோய். அது உள்ளவர்களில் அனேகமாக எல்லோருக்கும் ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்பது உண்மை. அதைத் திருப்பிப் போட்டு, ஏ.என்.ஏ. பாசிட்டிவானவர்களுக்கெல்லாம் லூபஸ் என்று படித்துவிடுகிறோம். இந்த ஒரு குழப்பத்தால் எத்தனை வீடுகளில் அழுகை!

ஆர்.ஏ. என்றால் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், அதாவது மூட்டுகளை வீங்கவைக்கும் சரவாங்கி. ஆர்.ஏ. ஃபேக்டருக்கு அந்தப் பெயரை வைத்ததே தப்பு என்று எனக்கு எப்போதும் தோன்றும். சரவாங்கி இல்லாதவர்களுக்கும் அது ஏறும். ஹெபடைடிஸ் சி, காசநோய், இதய வால்வில் கிருமித்தொற்று, சும்மா வயதாவது, எல்லாவற்றிலும் வரலாம். உங்களுடைய 28 லேசான ஏற்றம்தான். ஆன்டி சி.சி.பி. என்று இன்னொரு சோதனை இருக்கிறது. அது பாசிட்டிவானால் சரவாங்கி பற்றி நான் நிமிர்ந்து உட்காருவேன். சிலருக்கு மூட்டு வலிக்கத் தொடங்குவதற்குப் பல வருடம் முன்பே அது ரத்தத்தில் தென்பட்டுவிடும்.

சரவாங்கியை வகைப்படுத்த 2010-இல் அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவர்கள் சேர்ந்து ஒரு மதிப்பெண் முறை வகுத்தார்கள். மொத்தம் 10, ஆறு எடுத்தால் சரவாங்கி. அதில் ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. இரண்டுக்கும் சேர்த்து அதிகபட்சம் 3. ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி.க்கு 1. ரத்தம் மட்டுமே எழுதும் பரீட்சையில் 4-க்கு மேல் வாங்கவே முடியாது. ஆசிரியையான உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. அதுமட்டுமல்ல, ஒரு மூட்டிலாவது நிஜமான வீக்கம் இருந்தால்தான் மதிப்பெண் போடவே ஆரம்பிக்க வேண்டும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் வந்த ஓர் அம்மா கோயில் வாசலில் பூ கட்டி விற்பவர். விடிகாலையில் பூ வாங்கி வந்தாலும் பத்து மணி வரை விரலில் நாரைச் சுற்றி முடிச்சுப் போட வராது. ‘அதுவரைக்கும் மக கட்டுவா டாக்டர், அவ காலேஜ் போயிட்டா பூ வாடிடும்’ என்றார். ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ், ஆன்டி சி.சி.பி. நெகட்டிவ். ரிப்போர்ட்டைப் பார்த்தவர்கள் ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்லியே ஒன்றரை வருடம் போயிருந்தது. கையைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது: மூட்டுகள் மெத்தென்று வீங்கியிருந்தன. ஸ்கேனும் அதையே சொன்னது. சரவாங்கிக்காரர்களில் 100-க்கு 20 முதல் 30 பேருக்கு ஆர்.ஏ. ஃபேக்டர் வராது. அந்த ஒன்றரை வருடத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறவில்லை.

நாளை காலை எழுந்ததும் இதைச் செய்யுங்கள். இரண்டு கைகளையும் மூடி முஷ்டி பிடியுங்கள். விரல் தொடங்கும் இடத்தில் முட்டிகள் மேடும் பள்ளமுமாகத் தெரிய வேண்டும். வீக்கம் இருந்தால் அந்தப் பள்ளம் தூர்ந்துபோயிருக்கும். செல்போனில் படம் எடுத்து வையுங்கள்; டாக்டரைப் பார்க்கும் நேரத்தில் பாதி வீக்கம் வடிந்திருக்கும். காலை இறுக்கம் அரை மணி, ஒரு மணி என்று நீண்டால், மோதிரம் திடீரென்று கழலாமல் போனால், வெயில் பட்டுக் கன்னம் சிவந்து தடித்தால், வாயில் வலியில்லாத புண் வந்தால், சிறுநீர் நுரைத்தால் தள்ளிப்போடாமல் ருமட்டாலஜிஸ்டை (மூட்டு நோய் நிபுணர்) பாருங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால் முதலில் ஒரு பொது மருத்துவரிடம் போய்க் கைகளைக் காட்டுங்கள். கூடவே ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது), தைராய்டு, சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை மூன்றும் கேளுங்கள். தைராய்டு குறைந்தாலும் உடம்பு வலிக்கும், அசதி இருக்கும். தைராய்டைத் தாக்கும் ஆட்டோ இம்யூன் கோளாறில் ஏ.என்.ஏ.வும் லேசாகக் காட்டும். சிறுநீர்ப் பரிசோதனைக்குச் செலவு கொஞ்சம்தான். லூபஸ் சிறுநீரகத்தைத் தொட்டால் முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான். மாதவிடாய்ப் போக்கு அதிகமா என்பதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். இதற்கிடையில் மெடிக்கலில் ‘மூட்டுவலிக்கு’ என்று கேட்டு வாங்கும் பெயர் தெரியாத மாத்திரை வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் வலி இரண்டே நாளில் பறந்துவிடும், வீக்கமும் மறைந்துவிடும். பிறகு எங்களால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஏ.என்.ஏ.வைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் வேண்டாம். அந்த எண் ஏறுவதையும் இறங்குவதையும் வைத்து நோயைக் கணக்கிடுவதில்லை.

நாத்தனாரிடம் இதைச் சொல்லுங்கள்: லூபஸ் என்றே உறுதியான பெண்களும்கூட, நோய் ஆறு மாதமாவது அடங்கியிருந்து, டாக்டரின் கண்காணிப்பில் கருத்தரித்து நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள். உங்களுக்கு அந்த நோய் இருப்பதாக இன்னும் யாருமே சொல்லவில்லை. அடுத்த குழந்தைக்கு முன் சரிசெய்ய வேண்டியது என்று என் கண்ணில் படுவது அந்த 9.2-தான். அதை 12-க்கு மேல் கொண்டுவர இந்த வாரமே ஆரம்பியுங்கள்.