லட்சுமி என்ற பெயரில் புகழ்பெற்ற பெண்கள் யார் யார்?

கேள்வி இது: "லட்சுமி என்ற பெயரும் அதையொட்டிய பெயர்களும் கொண்டு வரலாற்றில் இடம்பிடித்த பெண்கள் யார் யார்?"

நான் ஒரு பத்திர எழுத்தரிடம் தட்டச்சு வேலை பார்க்கிறேன். என் கையில் அதிகம் அடிபடும் பெண் பெயர் இதுதான். லட்சுமி, லக்ஷ்மி, இலட்சுமி, லெட்சுமி, லெட்சுமியம்மாள், மகாலெட்சுமி, தனலட்சுமி, சீதாலட்சுமி, வரலட்சுமி. பட்டாவில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் வேறு மாதிரி இருக்கும். அதனால் "லட்சுமி என்கிற லெட்சுமியம்மாள்" என்று சேர்த்தே அடிப்போம். வீட்டில் கூப்பிடும்போது மட்டும் ராஜலட்சுமி ராஜியாகவும், விஜயலட்சுமி விஜியாகவும், தனலட்சுமி தனமாகவும் சுருங்கி, லட்சுமி காணாமல் போய்விடுகிறாள்.

இந்தப் பெயரை நான் அதிகம் அடிப்பது விடுதலைப் பத்திரத்தில். அப்பா சொத்தில் தனக்குள்ள பாகத்தை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்து, பெண் பிள்ளைகள் கையெழுத்துப் போடும் பத்திரம் அது. 1989-ல் தமிழ்நாட்டிலும் 2005-ல் நாடு முழுவதிலும் மகளுக்குச் சம பங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்திய பிறகும் இந்தப் பத்திரம் குறையவில்லை. செல்வத்தின் பெயரைப் பெண்ணுக்கு வைக்கிறோம், செல்வத்தை மட்டும் பையனுக்கு எழுதுகிறோம். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் என் மனம் முதலில் சொத்துப் பக்கம்தான் போனது.

இந்தப் பெயரில் மிகப் புகழ்பெற்ற இரண்டு பேர் பிறக்கும்போது லட்சுமி இல்லை. காசியில் பிறந்த மணிகர்ணிகா, 1842-ல் ஜான்சி ராஜா கங்காதர ராவைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகே லட்சுமிபாய் ஆனார். நேருவின் தங்கை சொரூப் குமாரி, 1921-ல் ரஞ்சித் பண்டிட்டை மணந்த பிறகே விஜயலட்சுமி பண்டிட். புகுந்த வீட்டுக்கு மகாலட்சுமி வருகிறாள் என்று நாமும் சொல்கிறோமே, அந்த வழக்கம்தான். இரண்டு பேருக்கும் பின்னால் நேர்ந்ததைப் பாருங்கள்.

ஜான்சி ராஜா 1853-ல் இறந்தார். சாவதற்கு முன் தாமோதர் ராவ் என்ற சிறுவனைத் தத்து எடுத்திருந்தார். தத்துப்பிள்ளை அரசாள முடியாது என்று 1854-ல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி ஜான்சியைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் சேர்த்துக்கொண்டார். ராஜாவின் தனிச் சொத்துக்கு அந்தப் பையன் வாரிசு, ராஜ்யத்துக்கு மட்டும் வாரிசு இல்லை என்பது கம்பெனியின் நிலை. ஒரே தத்து, ஒரு இடத்தில் செல்லும், இன்னொரு இடத்தில் செல்லாது! ராணி உடனே வாளை எடுத்துவிடவில்லை. மனு மேல் மனு போட்டார், ஜான் லாங் என்ற வழக்கறிஞரை வரவழைத்து ஆலோசனை கேட்டார், லண்டன் வரைக்கும் முறையீடு போனது. எல்லாம் தள்ளுபடி. குதிரை மேல் வாளோடு இருக்கும் படத்தை மட்டும் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த மனுக்காரப் பெண்ணைத் தெரிவதில்லை. எனக்கு அவரை இன்னும் அதிகம் பிடிக்கும். 1858 ஜூனில் குவாலியர் அருகே சண்டையில் இறந்தார்.

விஜயலட்சுமி பண்டிட் கதை அதற்குத் தொண்ணூறு வருஷம் தள்ளி நடந்தது. கணவர் 1944 ஜனவரியில் இறந்தபோது இவருக்கு மூன்று மகள்கள், மகன் இல்லை. ஆண் வாரிசு இல்லாததால் குடும்பச் சொத்தில் இவர்களுக்குப் பங்கு இல்லை என்று கணவரின் உடன்பிறந்தவர் தரப்பு நின்றது. 1937-லேயே ஐக்கிய மாகாணத்தில் அமைச்சராக இருந்தவருக்கே இந்த நிலை. மாஸ்கோவிலும் வாஷிங்டனிலும் இந்தியத் தூதராக இருந்துவிட்டு, 1953-ல் ஐ.நா. பொதுச்சபைக்குத் தலைவரான முதல் பெண் அவர்.

இதற்கு நேர்மாறான ஒரு வீடு திருவிதாங்கூர் அரச குடும்பம். அங்கே வாரிசு பெண் வழியில். வாரிசு தர அரச குடும்பத்தில் பெண் இல்லை என்பதற்காகவே 1900-ல் இரண்டு சிறுமிகளைத் தத்து எடுத்தார்கள், அதில் ஒருவர் சேது லட்சுமி பாய். ரவிவர்மாவின் மகள் வயிற்றுப் பேத்தி. நம் வீட்டுக் காலண்டரில் தாமரை மேல் நிற்கும் லட்சுமிக்கு முகம் கொடுத்தது ரவிவர்மாவின் அச்சுப் படங்கள்தானே! 1924-ல் மன்னர் இறந்தபோது அடுத்தவர் சிறுவன் என்பதால் இவர் பொறுப்பேற்று 1931 வரை ஆண்டார். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தாழ்த்தப்பட்ட சாதியினர் நடக்கக் கூடாது என்ற தடையை எதிர்த்து, பெரியார் சிறை சென்ற வைக்கம் போராட்டம் அப்போது நடந்துகொண்டிருந்தது. இவர் பொறுப்புக்கு வந்ததும் கைதிகள் விடுதலை ஆனார்கள், 1925 மார்ச்சில் காந்தி வர்க்கலையில் இவரைச் சந்தித்தார், அந்த வருஷக் கடைசியில் கோயிலைச் சுற்றி மூன்று பக்கத் தெருக்கள் எல்லோருக்கும் திறந்தன. நான்காவது பக்கத்தை விட்டுவிட்டார்களே என்ற வருத்தம் எனக்கு உண்டு. கோயிலுக்குள்ளேயே நுழைய 1936 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதே வம்சத்தில் இவருக்கு நூறு வருஷம் முன்பு ஆண்ட கௌரி லட்சுமி பாய், 1812-ல் அடிமைகளை வாங்குவதையும் விற்பதையும் தடை செய்தவர்.

சரி, நம் ஊருக்கு வருவோம். 1886 ஜூலை 30-ல் புதுக்கோட்டையில் ஒரு லட்சுமி பிறந்தாள். அடுத்த மூன்று வாரத்துக்குள், ஆகஸ்ட் 18-ல், மயிலாப்பூரில் இன்னொரு லட்சுமி. முதலாமவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. இரண்டாமவர் சகோதரி சுப்பலட்சுமி. இந்தக் கேள்விக்கு இரண்டே பேரைச் சொல் என்றால் இவர்களைத்தான் சொல்வேன்.

சுப்பலட்சுமிக்குப் பதினொரு வயது வாக்கில் கல்யாணம், கொஞ்ச நாளிலேயே கணவர் இறந்துவிட்டார். அந்தக் காலத்து பிராமண வீட்டில் அதற்கப்புறம் அந்தக் குழந்தை எதிரே வந்தாலே சகுனத் தடை. பெயரில் மங்கலம் இருந்து என்ன பயன்? நல்ல காலம், அவரைப் பெற்றவர்கள் மூலையில் உட்கார வைக்கவில்லை, படிக்க வைத்தார்கள். 1911-ல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். விதவையாகிவிட்ட தன் சித்தி வாலாம்பாளின் துணையோடு, தன்னைப் போன்ற சிறுமிகளை எழும்பூரில் ஒரு வீட்டில் வைத்துப் படிக்க வைக்க ஆரம்பித்தார். கூட்டம் பெருகியதும் அந்த இல்லம் கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸுக்கு மாறியது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளை வைக்க 1840-களில் கட்டிய கட்டடம் அது, இன்றைக்கு விவேகானந்தர் இல்லம். மெரினா பக்கம் போகிறவர்கள் விவேகானந்தர் தங்கியதைச் சொல்வார்கள். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் விதவைக் கோலத்தில் உள்ளே வந்து டீச்சராக வெளியே போனதும் அதே வீட்டிலிருந்துதான். பக்கத்துக் குப்பத்து மீனவப் பிள்ளைகளுக்கும் அவர் பள்ளிக்கூடம் வைத்தார். 1922-ல் தொடங்கிய லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தார். மாதச் சம்பளம் என்ற ஒன்றை அந்தப் பெண்கள் கையில் கொடுத்ததுதான் இவர் செய்த பெரிய காரியம் என்று நினைக்கிறேன். சம்பளம் வாங்குகிறவளை வீட்டில் யாரும் 'தண்டச் சோறு' என்று சொல்ல முடியாதல்லவா?

முத்துலட்சுமியின் அப்பா நாராயணசாமி ஐயர், கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், இசை வேளாளர் குலம். பையன்கள் மட்டும் படித்த புதுக்கோட்டைக் கல்லூரியில் இவரைச் சேர்க்க எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் அனுமதி கொடுத்தார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம், பிறகு சென்னை மாகாண சட்ட மேலவைக்குப் போன முதல் பெண், அதன் துணைத் தலைவர். இதெல்லாம் பாடப் புத்தகத்தில் வரும். தேவதாசி ஒழிப்புச் சட்டம் என்றதும் எல்லோரும் 1947-ஐச் சொல்வார்கள். பத்திர வேலை பார்க்கிறவளான எனக்கு அதற்கு முந்திய 1929 திருத்தம்தான் கண்ணில் படுகிறது. கோயிலில் சேவை செய்வதற்காக அந்தப் பெண்களுக்கு இனாம் நிலம் உண்டு. சேவையை விட்டால் நிலம் போய்விடும் என்றால், வெளியே வர ஆசைப்படுகிறவள்கூட எப்படி வருவாள்? சேவை செய்ய வேண்டிய கட்டாயம் இல்லாமலே நிலம் அவர்களிடம் இருக்கலாம் என்று அந்தத் திருத்தம் வழி செய்தது. விடுதலை வேண்டும் என்று மேடையில் பேசுவது ஒன்று, விடுதலை ஆனவள் எதைச் சாப்பிடுவாள் என்று யோசித்து நிலத்தை அவள் பேரில் நிற்க வைப்பது வேறு. அதற்கு முத்துலட்சுமி மாதிரி ஆள் வேண்டும்.

1930-ல் காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியை விட்டார். அந்தச் சமயத்தில் விடுதிகள் சேர்த்துக்கொள்ள மறுத்த தேவதாசி குலச் சிறுமிகளைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுதான் ஔவை இல்லம் ஆனது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், அந்த நோய்க்கென்றே ஒரு மருத்துவமனை வேண்டும் என்று வருஷக்கணக்கில் அலைந்து, 1954-ல் அடையாறில் 12 படுக்கையோடு தொடங்கினார். இன்றைக்கு 'அடையாறு கேன்சர்' என்றால் தெரியாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை.

அப்புறம் கேப்டன் லட்சுமி. 1914-ல் மெட்ராஸில் பிறந்தவர், முத்துலட்சுமி படித்த அதே கல்லூரியில் 1938-ல் எம்.பி.பி.எஸ். சிங்கப்பூர் போய் ஏழைத் தொழிலாளிகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். 1943 ஜூலையில் நேதாஜி அங்கே வந்தார், பெண்களுக்கென்று தனிப் படை வேண்டும் என்றார். லட்சுமி வீடு வீடாகப் போய்ப் பெண்களைத் திரட்டினார். புடவை கட்டிக்கொண்டு, பழக்கமே இல்லாத கனமான துப்பாக்கியைத் தூக்கி, நேதாஜிக்கு அணிவகுப்பு மரியாதை கொடுத்தார்கள். படைக்கு ஜான்சி ராணி ரெஜிமென்ட் என்று பெயர். ஒரு லட்சுமியின் பெயரில் உள்ள படைக்கு இன்னொரு லட்சுமி தளபதி! அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய குடும்பங்களின் தமிழ்ப் பெண்கள். ஜான்சி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாமல், இந்தியாவையே பார்த்திராமல், அதன் விடுதலைக்காகக் கிளம்பியவர்கள் அதில் எத்தனை பேரோ. அவர்களிலும் லெட்சுமிகள் இல்லாமலா இருப்பார்கள்? மலேசியத் தமிழர் பெயர்ப் பட்டியலில் இன்றும் அந்த 'லெ' எழுத்துக்கூட்டல்தான் அதிகம்.

போருக்கு அப்புறம் பிரேம் சேகல் என்பவரைக் கல்யாணம் செய்து கான்பூரில் குடியேறி, தொண்ணூறு வயது தாண்டியும் காலையில் நோயாளிகளைப் பார்த்தார். 2002 குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். எதிரே ராமேஸ்வரத்து அப்துல் கலாம். தமிழ்நாட்டில் பிறந்த இரண்டு பேர் மோதிய அந்தத் தேர்தலில் அவர் தோற்கப்போவது முன்பே தெரியும், இருந்தும் நின்றார். 2012-ல் இறந்தபோது உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்திருந்தார்.

எம்.எஸ். சுப்புலட்சுமியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மதுரை சண்முகவடிவின் மகள், வீட்டில் குஞ்சம்மா. 1966-ல் ஐ.நா.வில் பாடியவர், 1998-ல் பாரத ரத்னா பெற்ற முதல் இசைக் கலைஞர். அம்மாவின் பெயரை முதலெழுத்தாக வைத்துக்கொண்டே அந்த உயரத்துக்குப் போனார் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். எம் மதுரைக்கு, எஸ் சண்முகவடிவுக்கு.

திருவையாற்று டி.பி. ராஜலட்சுமியை இந்தத் தலைமுறைக்கு அவ்வளவாகத் தெரியாது. 1931-ல் வந்த 'காளிதாஸ்' படத்தின் கதாநாயகி, அதாவது தமிழ் பேசும் படத்தின் முதல் நாயகி. 1936-ல் தானே ஒரு படத்தை எடுத்து இயக்கவும் செய்தார், தமிழில் அதைச் செய்த முதல் பெண். சதுரங்கத்தில் சென்னை எஸ். விஜயலட்சுமி, இந்தியாவின் முதல் பெண்கள் கிராண்ட்மாஸ்டர், 2001-ல்.

கடைசியாக, இந்தப் பெயரைப் பெற்றோர் வைக்காமல் தானே வைத்துக்கொண்ட ஒருவர். எழுத்தாளர் லட்சுமி. இயற்பெயர் திரிபுரசுந்தரி, திருச்சிப் பக்கம், 1921-ல் பிறந்தவர். மருத்துவப் படிப்புக்கு வீட்டில் பணம் போதவில்லை. ஆனந்த விகடன் வாசனிடம் போய், கதை எழுதித் தருகிறேன், படிப்புச் செலவுக்கு வழி செய்யுங்கள் என்று கேட்டார். எழுதிய கதைக்கு வந்த பணத்தில் ஸ்டான்லியில் படித்து டாக்டர் ஆனார். கல்யாணத்துக்கு அப்புறம் தென்னாப்பிரிக்காவில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடி எழுதினார், 1984-ல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. அவர் நாவல்கள் பழைய புத்தகக் கடைகளில் இன்னும் கிடைக்கின்றன. எங்கள் அலுவலகத்துக்கு வரும் ஐம்பது வயது தாண்டிய பெண்கள் பலர் அவர் பெயரைச் சொன்னால் உடனே ஒரு கதையைச் சொல்லிவிடுவார்கள்.