துறைமுகச் சாலைத் திட்டத்தை மதிப்பிடுவது என்றால் என்ன?

சாலை போட ஆகும் செலவை, அதனால் மிச்சமாகும் லாரி நேரம், டீசல், குறையும் விபத்து ஆகியவற்றோடு பல ஆண்டுகளுக்குக் கணக்கிட்டு ஒப்பிடுவதுதான் மதிப்பீடு. துறைமுகத்துக்கு இது ஏன் முக்கியம்? தொட்டியை எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும் குழாய் மெல்லியதென்றால் தண்ணீர் சொட்டத்தான் செய்யும். துறைமுகத்துக்குச் சாலைதான் அந்தக் குழாய்; அது குறுகலாக இருந்தால் கிரேன் எத்தனை வாங்கினாலும் அதே கதைதான்.

சென்னைத் துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009-ல் அடிக்கல் நாட்டினார்கள். கூவம் ஆற்றில் தூண்கள் வருவதைக் காரணம் காட்டி 2012-ல் வேலையை நிறுத்தினார்கள். ஈரடுக்காக மாற்றி 2022-ல் மறுபடி அடிக்கல்! ஆற்றையும் தாமதத்தையும் முதல் கணக்கிலேயே சேர்த்திருக்க வேண்டும் என்பேன்.

அப்புறம், சுங்கக் கட்டணம் குவிந்தால்தான் திட்டம் லாபம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, கட்டணமே இல்லாத சாலையும் மிச்சமாகும் நேரத்தாலேயே செலவை ஈடுகட்டலாம்.