எல்லையில் தேங்கும் மழைநீர்: சி.எம்.டி.ஏ.விடம் போகலாமா, கலெக்டரிடம் போகலாமா?

வாசகர் கேள்வி: தாம்பரம் மாநகராட்சியை ஒட்டிய ஓர் ஊராட்சியில் குடியிருக்கிறோம். மாநகராட்சிப் பக்கத்து மழைநீர் வடிகால் எங்கள் எல்லை வந்ததும் முடிந்துவிடுகிறது. அப்புறம் தண்ணீர் எல்லாம் எங்கள் தெருவில்தான். மாநகராட்சியில் கேட்டால் "உங்கள் ஊராட்சியைக் கேளுங்கள்" என்கிறார்கள். ஊராட்சியில் "இது அவர்கள் தண்ணீர், எங்களிடம் பணம் இல்லை" என்கிறார்கள். இவர்களை ஒருங்கிணைக்கத்தானே சி.எம்.டி.ஏ. இருக்கிறது? அங்கே மனு கொடுத்தால் நடக்குமா?

பதில்: கொடுக்கலாம். ஆனால் உங்கள் முதல் மனு அங்கே போக வேண்டாம்.

சி.எம்.டி.ஏ. என்ற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் இயங்குவது. எந்த நிலம் குடியிருப்புக்கு, எது தொழிலுக்கு, எங்கே கட்டவே கூடாது என்று முழுமைத் திட்டத்தில் வரையறுப்பதும், மனைப்பிரிவுக்கும் பெரிய கட்டடங்களுக்கும் அனுமதி தருவதும் அதன் முதன்மையான வேலை. மாநகராட்சி ஆணையரையோ ஊராட்சித் தலைவரையோ அழைத்து "இந்த வடிகாலை நாளைக்கே இணையுங்கள்" என்று உத்தரவிடும் அதிகாரம் அதற்கு இல்லை. அதனால் அங்கே கொடுக்கும் வடிகால் மனு பெரும்பாலும் "உரிய நடவடிக்கைக்காக" என்ற குறிப்போடு நீங்கள் ஏற்கெனவே ஏறி இறங்கிய அலுவலகத்துக்கே திரும்பும்.

உங்கள் பகுதியின் தண்ணீர் போகும் வழியைப் பார்த்தாலே சிக்கல் எங்கே என்று புரியும். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் செம்பாக்கம் ஏரிக்கு வருகிறது. அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை அடைகிறது. பிறகு ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், முட்டுக்காடு, கடல். இந்த ஒரே ஓட்டத்தில் செம்பாக்கம் தாம்பரம் மாநகராட்சி, நன்மங்கலம் ஊராட்சி, கீழ்க்கட்டளை மறுபடியும் தாம்பரம், பள்ளிக்கரணை பெருநகர சென்னை மாநகராட்சி. சதுப்பு நிலத்தில் வனத்துறை, மடுவிலும் கால்வாயிலும் நீர்வளத்துறை. குறுக்கே போகும் வேளச்சேரி சாலையின் ஓர வடிகால் நெடுஞ்சாலைத் துறையுடையது. ஏரிகளைச் சங்கிலியாக வெட்டி வைத்தவர்கள் நிலத்தின் சரிவைப் பார்த்தார்கள். நாம் அந்தச் சரிவின் மேல் நிர்வாக எல்லைகளைப் போட்டுவிட்டோம். 2015 வெள்ளத்தில் இதன் விலை என்ன என்பதைத் தென்சென்னையும் புறநகரும் அனுபவித்துப் பார்த்தன.

இவர்கள் ஒன்றாக உட்காராததற்கு மெத்தனம் மட்டும் காரணமில்லை. மாநகராட்சிக்கு மேலே நகராட்சி நிர்வாகத் துறை, ஊராட்சிக்கு ஊரக வளர்ச்சித் துறை, சி.எம்.டி.ஏ.வுக்கு வீட்டுவசதித் துறை. சட்டங்களும் வேறு, நிதி வரும் வழியும் வேறு. ஊராட்சி நிதியை மாநகராட்சி எல்லைக்குள் செலவழித்தால் தணிக்கையில் கேள்வி வரும் என்ற அதிகாரியின் பயம் உண்மையானது. அதைத் தீர்க்காமல் அவரைத் திட்டிப் பயனில்லை.

ஒருங்கிணைக்கும் அமைப்பு நம் சட்டத்தில் இல்லாமலும் இல்லை. அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் கொண்டுவந்த 243இசட்இ பிரிவு, பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் பெருநகரப் பகுதிக்கு ஒரு பெருநகரத் திட்டக் குழு வேண்டும் என்கிறது. அதில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் உள்ளாட்சிப் பிரதிநிதிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுப்பவர்களாக இருக்க வேண்டும். நகராட்சிகளுக்கும் ஊராட்சிகளுக்கும் பொதுவான விஷயங்களை, குறிப்பாகத் தண்ணீர்ப் பங்கீட்டை, அந்தக் குழு கணக்கில் எடுக்க வேண்டும் என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது. உங்கள் தெருப் பிரச்சினைக்கு இதைவிடப் பொருத்தமான மேடை இருக்க முடியாது. ஆனால் சட்டத்தில் உள்ள அளவுக்கு இந்தக் குழு நடைமுறையில் வேர் பிடிக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இப்படியொரு அமைப்பு வேர் பிடித்த இடமும் உண்டு. அமெரிக்காவின் மினியாபொலிஸ்–செயின்ட் பால் பகுதியில் 1967-இல் அமைந்த மெட்ரோபாலிட்டன் கவுன்சில் ஏழு கவுண்டிகளுக்குச் சேர்த்துத் திட்டமிடுகிறது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பையும் பேருந்துகளையும் அதுவே நடத்துகிறது. அங்கே 1971-இல் வந்த ஒரு சட்டப்படி, வணிக, தொழில் சொத்துகளின் வரிக்குரிய மதிப்பு கூடும்போது அந்தக் கூடுதலில் 40 விழுக்காடு எல்லா ஊர்களுக்கும் பொதுவாகப் பகிரப்படுகிறது. அந்தக் கவுன்சிலின் பேச்சு எடுபடுவதற்குக் காரணம், பணமும் பணியும் அதன் கையில் இருப்பதுதான். கூட்டம் கூட்டும் உரிமை மட்டும் உள்ள குழு, தேநீர் கொடுத்து அனுப்புவதோடு நின்றுவிடும்.

சரி, இன்றைக்கு நீங்கள் என்ன செய்யலாம்?

இரண்டு உள்ளாட்சிகளையும் ஒரே உத்தரவில் கட்டுப்படுத்தக்கூடியவரிடம் போங்கள். அவர் செங்கல்பட்டு மாவட்ட கலெக்டர். ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற பொறுப்பு ஏற்கெனவே அவருக்கு உண்டு. மாநகராட்சி விஷயத்தில்தான் பலர் தயங்குவார்கள். அங்கே கைகொடுப்பது 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம். மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் கலெக்டர். அந்தச் சட்டத்தின் 33-ஆவது பிரிவின்படி, பேரிடரைத் தடுக்கவோ குறைக்கவோ மாவட்ட அளவிலான எந்தத் துறைக்கும் எந்த உள்ளாட்சிக்கும் ஆணையம் உத்தரவிடலாம். அவர்கள் அதை நிறைவேற்றியாக வேண்டும். மனுவில் இந்தப் பிரிவு எண்ணை எழுதுங்கள். "தண்ணீர் தேங்குகிறது, ஆவன செய்யவும்" என்ற மனுவுக்கும், "33-ஆவது பிரிவின் கீழ் மாநகராட்சி, ஊராட்சி ஒன்றியம், நீர்வளத்துறை, நெடுஞ்சாலைத் துறை நான்கையும் கூட்டாகக் கள ஆய்வு செய்ய உத்தரவிடக் கோருகிறோம்" என்ற மனுவுக்கும் கிடைக்கும் பதில் ஒன்றாக இருக்காது.

அந்த மனுவோடு போக வேண்டியவை சில. வடிகால் முடியும் இடத்திலிருந்து அடுத்த ஏரி அல்லது வாய்க்கால் வரை கிராம வரைபடமும் புல வரைபடமும் எடுங்கள். வாய்க்கால் புறம்போக்கு என்று 'அ' பதிவேட்டில் (புல எண் வாரியாக நில வகையைக் காட்டும் வருவாய்த் துறைப் பதிவேடு) இருந்து, தரையில் சுவர் எழும்பியிருந்தால் கதையே மாறிவிடும். அப்போது நீங்கள் கேட்க வேண்டியது புதிய வடிகால் அல்ல, ஆக்கிரமிப்பு அகற்றம். தண்ணீர் சேர வேண்டிய ஏரி யாருடையது என்பதையும் உறுதி செய்யுங்கள். பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (ஏரி நீர் பாயும் பாசன நிலம்) உள்ள ஏரி நீர்வளத்துறையிடமும், அதற்குக் குறைவானது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். மதகும் கலங்கலும் (உபரிநீர் வழியும் இடம்) யார் பொறுப்பு என்பது இதைப் பொறுத்துத்தான்.

அடுத்து, இரண்டு பக்கத் தீர்மானம். ஊராட்சியில் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. மழைக்கு முன் வேலை நடக்க வேண்டுமென்றால் மே 1 கூட்டத்தை விடாதீர்கள். அக்டோபரில் தீர்மானம் போட்டால் அந்த வருட மழை போய்விடும். மாநகராட்சிப் பக்கம் வசிப்பவர்களோடு பேசி, அவர்கள் பகுதி சபையிலும் (நகர்ப்புறத்தில் கிராம சபை போன்ற மக்கள் கூட்டம்) அதே வாசகத்தில் தீர்மானம் கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் எதிரிகள் இல்லை. கீழே அடைத்தால் தண்ணீர் ஏறி நிற்கப் போவது அவர்கள் வாசலிலும்தான். இரு பக்கத் தீர்மானமும் கையில் இருந்தால், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் உங்கள் மனு ஒரு தெருவின் புகாராகப் பார்க்கப்படாது. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.

சி.எம்.டி.ஏ.விடம் எப்போது போவது? மேட்டுப் பகுதியில் புதிய மனைப்பிரிவோ அடுக்குமாடியோ வாய்க்காலை மூடி வருகிறது என்றால் உடனே போங்கள். அனுமதி நிபந்தனையை மீறியவர் மீது நடவடிக்கை எடுப்பது அதன் வேலை. அனுமதி நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். இன்னொன்று மூன்றாவது முழுமைத் திட்டம். 2008-இல் வந்த இரண்டாவது திட்டம் 2026-ஐ இலக்காகக் கொண்டது; அடுத்தது 2046 வரைக்கானது. அதன் வரைவு பொதுமக்கள் கருத்துக்கு வரும்போது, உங்கள் வாய்க்காலின் புல எண்ணைக் குறிப்பிட்டு, அதை நீர்வழியாகவே வரைபடத்தில் காட்டும்படி எழுதிக் கொடுங்கள். கலெக்டருக்குக் கொடுத்த அதே வரைபடத்தின் நகலையே இணைக்கலாம்.