பாலவாடி மாலை ஆறு மணி வரை: வாசகர் கேள்வி பதில்

அங்கன்வாடியையும் குழந்தைகள் காப்பகத்தையும் ஒன்றாக்கி முழுநாளும் நடத்துவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மூத்தவளுக்கு மூன்றரை வயது, சின்னவனுக்கு ஒன்றரை வயது. மூத்தவள் பாலவாடிக்குப் போகிறாள், ஆனால் என் வேலை முடிவதற்குள் அது மூடிவிடுகிறது. சின்னவனை மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார், அவருக்கும் உடம்பு முடியவில்லை. அரசே முழுநாள் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு ஏதும் உண்டா?
– வாசகி, திருப்பூர் மாவட்டம்

பதில்: உண்டு. அதற்குப் பெயர் 'அங்கன்வாடியுடன் இணைந்த குழந்தைகள் காப்பகம்'. ஒன்றிய அரசின் 'மிஷன் சக்தி' என்ற பெண்கள் நலத் திட்டத்தில் 'பால்னா' என்ற பிரிவின் கீழ் வருகிறது. பணிபுரியும் தாய்மார்களின் பிள்ளைகளுக்காக முன்பு தனியாக நடந்த தேசியக் காப்பகத் திட்டம்தான் 2022-ல் இப்படி மாற்றி அமைக்கப்பட்டது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை உள்ள குழந்தைகளைச் சேர்க்கலாம். தாய் சம்பள வேலையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இப்போது இல்லை. உங்கள் இரண்டு பிள்ளைகளும் ஒரே வாசலில் இறங்கலாம் என்பதுதான் இதில் உங்களுக்குப் பெரிய உதவி.

ஆனால் எல்லா அங்கன்வாடியும் தானாகக் காப்பகமாக மாறிவிடாது. எந்த மையத்தில் தொடங்கலாம் என்று மாநில அரசு கருத்துரு அனுப்பி, ஒன்றிய அரசு ஒப்புதல் தர வேண்டும். நாடு முழுவதற்குமான இலக்கு 17,000 மையங்கள். தமிழ்நாட்டில் மட்டுமே 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன என்பதை வைத்துப் பார்த்தால், கேட்காத ஊருக்கு வருவது கடினம் என்பது புரியும்.

எனவே முதலில் உங்கள் வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம், அருகில் இப்படிப்பட்ட மையம் உள்ளதா என்று கேளுங்கள். இல்லையென்றால் மனு எழுதுங்கள். 'எங்களுக்குக் காப்பகம் வேண்டும்' என்று ஒரு வரியில் எழுதினால் அது கோப்பில் தூங்கும். குழந்தையின் பிறந்த தேதி, தாய் வீட்டை விட்டுக் கிளம்பும் நேரம், திரும்பும் நேரம், இப்போது குழந்தையை யார் பார்க்கிறார்கள் ஆகிய நான்கையும் அட்டவணையாகப் போட்டு, இருபது இருபத்தைந்து குடும்பங்களின் கையெழுத்தோடு கொடுங்கள். ஊராட்சிப் பகுதியாக இருந்தால் கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றி அதையும் இணையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை சபை கூடுகிறது. மனுவின் நகலை மாவட்டத் திட்ட அலுவலருக்கும் அனுப்புங்கள்.

கேள்வி: நான் அங்கன்வாடிப் பணியாளர். எங்கள் மையத்தில் காப்பகமும் வரப்போகிறது என்கிறார்கள். ஏற்கெனவே எடை பார்ப்பது, தடுப்பூசி நாள், வீட்டுச் சந்திப்பு, செல்போனில் பதிவு என்று மூச்சுவிட நேரமில்லை. இதுவும் எங்கள் தலையில்தானா?
– வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: இல்லை, அப்படி ஆகவும் விடக்கூடாது. காப்பகத்துக்கென்று தனியாக ஒரு காப்பகப் பணியாளரும் ஒரு காப்பக உதவியாளரும் நியமிக்கப்பட வேண்டும். மதிப்பூதியம் பணியாளருக்கு மாதம் 5,500 ரூபாய், உதவியாளருக்கு 3,000 ரூபாய் என்பது திட்டத்தில் உள்ள அடிப்படைத் தொகை. மாநிலங்கள் தங்கள் நிதியிலிருந்து கூட்டித் தரலாம், சில மாநிலங்கள் தருகின்றன. நாள் முழுக்கக் கைக்குழந்தையைத் தூக்கிச் சுமக்கிற ஒருவருக்கு இந்த அடிப்படைத் தொகை போதவே போதாது என்பது எங்கள் உறுதியான கருத்து. ஆட்கள் நிலைக்காமல் போவதற்கு முதல் காரணமும் இதுதான். ஆள் மாறினால் அதிகம் பாதிக்கப்படுவது இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள். பழகிய முகம் போய்விட்டால் சாப்பிடுவதும் தூங்குவதும் குலைந்துவிடும்.

இப்போது நேரக் கணக்குக்கு வருவோம். பெரும்பாலான சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. பழைய காப்பகத் திட்டம் வகுத்த அளவு நாளுக்கு ஏழரை மணி நேரம், மாதம் 26 நாள். காலை 9 மணிக்கு வேலையில் நிற்க வேண்டிய தாய் எட்டரைக்குக் குழந்தையை விடுவார். ஐந்தரைக்கு வேலை முடிந்தால் கூட்டிப்போக ஆறு மணி ஆகும். அது ஒன்பதரை மணி நேரம். இரண்டு மணி நேரம் இடிக்கிறது.

இதைச் சமாளிக்க இருவரையும் முன்பின்னாக வரச் சொல்வதுதான் வழக்கம். உதவியாளர் 8:30 முதல் 4:00 வரை, பணியாளர் 10:30 முதல் 6:00 வரை. காகிதத்தில் சரியாக இருக்கிறது. நடப்பதைப் பாருங்கள்: காலை இரண்டு மணி நேரமும் மாலை இரண்டு மணி நேரமும் ஒரே ஒரு ஆள். ஒரு குழந்தைக்குப் பேதியாகி அவர் கழுவிவிடப் போனால், மற்ற குழந்தைகளைப் பார்க்க யாரும் இல்லை. கேட் திறந்து கிடப்பதும், குழந்தை தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நகர்வதும் இந்த நேரத்தில்தான் நடக்கக்கூடும். காலையில் அங்கன்வாடி உதவியாளர் இருக்கிறாரே என்று கணக்கில் சேர்க்காதீர்கள். அவர் அடுப்படியில் இருப்பார், கொதிக்கும் பாத்திரத்தை விட்டுவிட்டு ஓடி வர முடியாது.

ஆகவே கைக்குழந்தை இருக்கும் எந்த நிமிடத்திலும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும் என்பதை முதல் விதியாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து நேரத்தை எழுதுங்கள். காலை எட்டரை முதல் பத்தரை, மாலை நாலு முதல் ஆறு என்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு பகுதிநேர உதவியாளர் தேவைப்படும். அந்தச் செலவை ஊராட்சியோ நகராட்சியோ ஏற்க முடியுமா என்று தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். முடியாது என்றால் நேரத்தைக் குறைத்து, அதை வெளிப்படையாகப் பெற்றோரிடம் சொல்லிவிடுவது மேல். ஆறு மணி வரை என்று பலகை வைத்துவிட்டு நாலரைக்கே 'வந்து கூட்டிப்போங்க' என்று போன் செய்தால், அந்தத் தாய் வேலையை விடவேண்டி வரும்.

இன்னொன்று, விடுப்பு. இருவரில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் யார் வருவார் என்பதற்கு, மருத்துவச் சான்றும் பயிற்சியும் முடித்த மாற்று ஆள் ஒருவரை முன்பே பதிவு செய்துவைக்க வேண்டும். அன்றைக்குப் போய் அக்கம்பக்கத்தில் யாரையாவது பிடித்து உட்கார வைப்பது ஆபத்து.

கேள்வி: அங்கன்வாடிக் குழந்தைக்கு மதிய உணவு உண்டு. காப்பகக் குழந்தைக்குத் தனிச் சாப்பாடா? மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்குச் சத்துமாவை வீட்டுக்குத்தானே கொடுக்கிறோம்?
– வாசகர், சேலம் மாவட்டம்

பதில்: சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை ஒரு குழந்தைக்கு நாளுக்கு 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம், ஆண்டுக்கு 300 நாள் என்பது அங்கன்வாடி இணை உணவின் அளவு. மூன்று வயதுக்கு மேல் மையத்திலேயே சமைத்துத் தருகிறோம். மூன்று வயதுக்குக் கீழே மாவாக வீட்டுக்குப் போகிறது. காப்பகம் வந்தவுடன் அந்தச் சின்னக் குழந்தை நாள் முழுதும் மையத்தில் இருக்கிறது, அதன் மாவுப் பொட்டலம் மட்டும் வீட்டில் இருக்கிறது. இதைத் தீர்க்காமல் தொடங்கிய காப்பகத்தில் சின்னப் பிள்ளைகள் பெரிய பிள்ளைகளின் பானையிலிருந்து சாப்பிடுவார்கள், மாதக் கடைசியில் அரிசி இருப்பு இடிக்கும், பழி சமையல் உதவியாளர் மேல் விழும்.

ஒரு குழந்தைக்கு ஒரு பங்கு, ஒரு பதிவேடு. சேர்க்கும்போதே பெற்றோரிடமும் மேற்பார்வையாளரிடமும் பேசி, அந்தக் குழந்தையின் பங்கு மையத்தில் பரிமாறப்படுமா, வீட்டுக்குப் போகுமா என்று எழுதிவிடுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே குழந்தையைக் காட்டினால் தணிக்கையில் மாட்டும்.

அளவும் முக்கியம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி 1 முதல் 3 வயதுக் குழந்தைக்கு நாளுக்குச் சுமார் 1,010 கலோரி வேண்டும், 4 முதல் 6 வயதுக்குச் சுமார் 1,360. ஒன்பது மணி நேரம் மையத்தில் இருக்கும் சின்னவனுக்கு 500 கலோரி ஏறக்குறைய பாதி நாள் தேவை, ஓரளவு தாங்கும். ஐந்து வயதுக்காரிக்கு அது பாதிகூட இல்லை. மதியம் பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட்டவள் ஆறு மணி வரை பட்டினி கிடந்தால் நாலு மணிக்கு மேல் சண்டை, அழுகை எல்லாம் வரும். அது குழந்தையின் குணக்கேடு அல்ல, பசி. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை ஏதாவது வயிற்றுக்குள் போக வேண்டும். காலை ஒன்பதரைக்குக் கஞ்சி அல்லது சத்துமாவு, பன்னிரண்டரைக்குச் சோறு, மூன்றரைக்குச் சுண்டலோ வாழைப்பழமோ வேர்க்கடலை உருண்டையோ. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு முழுக் கடலை வேண்டாம், புரையேறும். மசித்தோ அரைத்தோ கொடுங்கள்.

நாள் கணக்கையும் பாருங்கள். மாதம் 26 நாள் என்றால் ஆண்டுக்கு 312 நாள். இணை உணவு 300 நாளுக்குத்தான். பன்னிரண்டு நாள் காப்பகம் திறந்திருக்கும், அரிசி வராது. அங்கன்வாடிக்குக் கோடை விடுமுறை விட்டால் இடைவெளி இன்னும் கூடும். அந்த நாட்களுக்கு வீட்டிலிருந்து டிபன் டப்பாவா, உள்ளாட்சி நிதியா என்பதை ஆண்டுத் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் எடுத்துக் கொடுத்தனுப்பலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தாராளமாக. மூடியுள்ள எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில், பெயர், தேதி, எடுத்த நேரம் ஒட்டி அனுப்புங்கள். 25 டிகிரி வரையுள்ள அறையில் நான்கு மணி நேரம் தாங்கும். நம் ஊர் வெயிலில் அறைச் சூடு அதைத் தாண்டிவிடும் என்பதால், ஐஸ் வைத்த பையில் கொண்டுபோய் நேரே ஃபிரிட்ஜில் வைப்பதே பாதுகாப்பு. ஃபிரிட்ஜில் நான்கு நாள் வரை இருக்கலாம். அடுப்பில் வைத்துச் சூடாக்கக் கூடாது, வெந்நீரில் பாத்திரத்தை நிறுத்தினால் போதும். குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டிவிட வேண்டும். மையத்தில் ஃபிரிட்ஜ் இல்லையென்றால் அனுப்பாதீர்கள்.

கேள்வி: காலை முன்பருவக் கல்வி முடிந்தபின் மாலை வரை மீண்டும் எழுத்து, எண் சொல்லித் தரலாமே? பெற்றோரும் அதைத்தான் கேட்கிறார்கள்.
– காப்பகப் பணியாளர், மதுரை மாவட்டம்

பதில்: வேண்டாம். காலையில் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டத்தில் பாட்டு, கதை, பொருள்களை வகைப்படுத்துவது எல்லாம் நடந்துவிடுகிறது. நான்கு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு அது போதும். மதியத்துக்குமேல் தூக்கம், வெளியில் ஓடி விளையாடுவது, மண், தண்ணீர், துணி மடிப்பது, காய் ஆய்வது. இதுவும் கற்றல்தான். காலையில் கேட்ட கதையை மாலையில் குழந்தை தானே நடித்துக் காட்டட்டும். அதற்காகக் காலைப் பணியாளர் மதியம் கிளம்பும்முன் ஐந்து நிமிடம், அன்றைய கருப்பொருள் என்ன, யார் சாப்பிடவில்லை, யாருக்கு உடம்பு சுடுகிறது என்று மாலைப் பணியாளரிடம் சொல்லி ஒரு நோட்டில் எழுத வேண்டும். அந்த ஐந்து நிமிடம் இல்லாத மையத்தில், காலையில் கொடுத்த பாராசிட்டமாலை மாலையில் இன்னொருவர் தெரியாமல் மீண்டும் கொடுத்துவிட இடமுண்டு.

மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒன்றிய அரசு 2024-ல் வெளியிட்ட 'நவசேதனா' வழிகாட்டியும், மூன்று முதல் ஆறு வரை 'ஆதார்ஷிலா' பாடத்திட்டமும் தனித்தனியாக இருக்கின்றன. இரண்டு வயதுக்காரனை ஐந்து வயதுக்காரர்களோடு வட்டத்தில் உட்கார வைத்துப் பாட்டுச் சொல்ல வைத்தால் இருவருக்குமே பயனில்லை.

தூங்கும் இடம் பாடும் இடத்திலிருந்து தனியாக இருக்க வேண்டும். அறையை அலமாரியால் பிரித்தாலும் சத்தம் பிரியாது. ஒரே கூடம்தான் என்றால் சின்னவர்கள் தூங்கும் நேரத்தில் பெரியவர்களை வராந்தாவுக்கோ மர நிழலுக்கோ கூட்டிப் போங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், தலையணை வேண்டாம். தூளி நமக்குப் பழகியதுதான், ஆனால் பல குழந்தைகள் இருக்கும் இடத்தில் பெரிய பிள்ளைகள் அதைச் சுழற்றிவிடுவார்கள், துணி கழுத்தில் சுற்றும். பாய் விரிப்பதே நல்லது.

கேள்வி: ஊராட்சி மன்றத் தலைவராக இருக்கிறேன். கேஸ், மின்கட்டணம், குழாய் ரிப்பேர் ஆகியவற்றை எந்தக் கணக்கில் எழுதுவது?

பதில்: ஒரே ரசீதை அங்கன்வாடி, காப்பகம் என்ற இரண்டு கணக்கிலும் காட்டாதீர்கள், அவ்வளவுதான் சட்டம். பொதுச் செலவைப் பிரிக்க எளிய அளவுகோல், குழந்தை எண்ணிக்கையை மணி நேரத்தால் பெருக்குவது. 20 குழந்தைகள் நான்கு மணி நேரம் என்றால் 80. இன்னொரு 20 குழந்தைகள் ஒன்பது மணி நேரம் என்றால், முதல் நான்கு மணி நேரத்துக்கு 80, மிச்ச ஐந்து மணி நேரத்துக்கு 100. முன்பருவக் கல்வி நேரத்துக்கு 160, காப்பக நேரத்துக்கு 100. மின்கட்டணத்தை 160-க்கு 100 என்று பிரியுங்கள். இந்த முறையை மேற்பார்வையாளரிடம் காட்டி முதல் மாதமே ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

நிதி ஒன்றிய அரசு 60, மாநிலம் 40 என்ற விகிதத்தில் வருகிறது. இரண்டில் ஒன்று தாமதமானாலும் மதிப்பூதியம் நிற்கும். மூன்று மாதம் மதிப்பூதியம் வராமல் வேலை பார்க்க யாராலும் முடியாது. அதைத் தாங்க ஊராட்சியால் முன்பணம் தர இயலுமா என்று ஊராட்சிகள் உதவி இயக்குநர் அலுவலகத்தில் விதியைக் கேட்டு வையுங்கள்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் 80 பேர். தனிக் காப்பகம் கட்ட இடமில்லை.

பதில்: ஐம்பது பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனத்துக்குக் காப்பக வசதி கட்டாயம் என்பது 2017-ன் மகப்பேறு நலச் சட்டத் திருத்தத்தில் வந்தது, 2020-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அப்படியே உள்ளது. அந்தத் தொகுப்பு, அரசோ நகராட்சியோ நடத்தும் பொதுக் காப்பகத்தைப் பயன்படுத்தவும், பல நிறுவனங்கள் சேர்ந்து நடத்தவும் இடம் தருகிறது. தாய் நாளுக்கு நான்கு முறை குழந்தையைப் பார்த்துவர உரிமை உண்டு, எனவே நடந்துபோகும் தூரத்தில் இருக்க வேண்டும். அருகிலுள்ள அங்கன்வாடிக் காப்பகத்தின் மாலை நேரக் கூடுதல் ஆளுக்கு உங்கள் நிறுவனம் செலவு ஏற்கிறது என்று ஒப்பந்தம் போடுங்கள். ஆனால் உங்கள் பணியாளர்களின் குழந்தைகளுக்காக ஊர்க் குழந்தைகளின் இடம் குறையாது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

கேள்வி: மாலையில் சித்தப்பா, அண்ணன் என்று யார் வந்தாலும் குழந்தையை அனுப்பலாமா?

பதில்: சேர்க்கும் நாளில், குழந்தையைக் கூட்டிப்போகக்கூடிய மூன்று பேரின் பெயர், போட்டோ, போன் எண்ணைப் பெற்றோர் தர வேண்டும். அந்த மூவர் தவிர வேறு யார் வந்தாலும் தாயிடம் போனில் கேட்ட பிறகே அனுப்புங்கள். பதினெட்டு வயதுக்குட்பட்ட அண்ணன் அக்காவிடம் கைக்குழந்தையைக் கொடுக்க வேண்டாம். வந்தவர் குடித்திருந்தால், பட்டியலில் பெயர் இருந்தாலும் அனுப்பாதீர்கள். அடுத்த நபரை அழையுங்கள், யாரும் வராவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள்.