கடவுள் இருக்கிறார் என்றால், நம்பாதவனுக்கும் தெரியும்படி தன்னைக் காட்டிவிட்டால் என்ன?

கேள்வி கேட்டவர் வீட்டில் யாரோடோ கோயில் விஷயத்தில் முட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் மன்னிக்கவும். 21 வயதில் நானும் இதையே கேட்டுக்கொண்டு திரிந்தவன். இப்போது கேட்டால், காட்டாமல் இருப்பதே நல்லது என்பேன். அதற்குக் காரணம் என் மச்சானின் உள்ளங்கால்.

எங்கள் ஊர் இலங்கையின் மட்டக்களப்பு எழுவான்கரையில், அதாவது வாவிக்குக் கிழக்கே கடற்கரைப் பக்கம், நகரத்துக்குத் தெற்கே இருக்கிறது. கோயிலின் பெயர் வேண்டாம், சொன்னால் நாளைக்கே வீட்டுக்கு ஆள் வரும். இந்தப் பக்கத்து அம்மன் கோயில்கள் பலவற்றில் சடங்கு, அதாவது வருடத் திருவிழா, தீமிதிப்போடுதான் முடியும். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் 18 நாள் பாரதக் கதை நடந்து தீப்பள்ளயம் என்கிற தீமிதிப்பில் முடிவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்களது அவ்வளவு பெரிதில்லை. ஆனால் நெருப்பு ஒன்றுதானே.

2003ஆம் ஆண்டு. போர் நின்றிருந்த சமாதான காலம் என்பதால் சடங்கு அமர்க்களமாக நடந்தது. நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, ஆபிரகாம் கோவூரைப் படித்துத் தலை வீங்கியிருந்த காலம். கேரளத்தில் பிறந்து இலங்கையில் ஆசிரியராக இருந்த பகுத்தறிவாளர் அவர். ஏமாற்ற முடியாத நிலைமையில் ஓர் அற்புதத்தைச் செய்து காட்டுகிறவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் தருவதாக 1963இல் சவால் விட்டார். 1978இல் சாகும்வரை அந்தப் பணத்தை அவரிடமிருந்து யாரும் வாங்கவில்லை. சரி, நாமும் ஒரு பரிசோதனை செய்து பார்ப்போம் என்று எனக்குள் ஒரு திமிர். பரீட்சை முடிவுக்காக நேர்த்தி என்று அம்மாவிடம் பொய் சொல்லி, காப்புக் கட்டிக்கொண்டேன். விரதத்தின் மூன்றாம் நாள் சைக்கிளில் பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடிக்குப் போய் இறைச்சிக் கொத்துரொட்டி சாப்பிட்டேன். அது இல்லாவிட்டால் பரிசோதனை முழுமையாகாது அல்லவா.

மச்சானுக்கு நேர்த்தி உண்மையான நேர்த்தி. அக்காவைக் கலியாணம் முடித்து நான்கு வருடம், பிள்ளை இல்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளைதான் வந்து இருப்பார். வெளியூரிலிருந்து வந்த மாப்பிள்ளை, பிள்ளையும் இல்லை என்றால் ஊர் வாய் எப்படி இருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை. மனுசன் விரத நாள் முழுவதும் ஒரு நேரச் சோறு, அதுவும் தன் கையால் சமைத்தது.

நான் நெருப்பில் நடக்கவில்லை, ஓடினேன். நம்பிக்கை இல்லாதவனுக்குப் பயம் மட்டும்தானே மிச்சம். ஐந்தாறு எட்டில் அந்தப் பக்கம். மஞ்சள் தண்ணீரில் காலை வைத்துத் திரும்பிப் பார்க்கும்போது மச்சான் வந்துகொண்டிருந்தார். ஒரு வயதான அம்மாவுக்குப் பின்னால், வரம்பில் நடப்பதுபோல மெதுவாக. பறையும் உடுக்கும் காதைப் பிளந்தன, புகையில் எதுவும் சரியாகத் தெரியவில்லை. பக்தி என்றால் இது என்று நானே நினைத்தேன்.

எனக்கு ஒரு கொப்பளம் இல்லை. மச்சானுக்கு இரண்டு உள்ளங்காலும் வெந்துபோயிருந்தன.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. மரக்கரி வெப்பத்தைக் கடத்துவதில் மிகவும் மந்தம், மேலே படியும் சாம்பல் இன்னும் மந்தம். ஒவ்வோர் எட்டிலும் கால் அதில் படுவது அரைச் செக்கன் அளவுதான். 1935இல் இங்கிலாந்தில் குடா பக்ஸ் என்ற காஷ்மீரியை நெருப்பில் நடக்கவிட்டுப் பார்த்த ஆய்வாளர்களும் இந்த முடிவுக்குத்தான் வந்தார்கள். வேகமாக நடந்தால் தப்பலாம், நின்றால் சுடும். ஆனால் இதை யாரிடம் போய்ச் சொல்வது? அன்று இரவே ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. விரதத்தில் பிழை. மனதில் அழுக்கு. பிள்ளை இல்லாததற்குக் காரணம் இப்போதுதான் தெரிகிறது. அக்கா வாசலில் இறங்கவில்லை.

மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டில் எல்லாரும் இருக்கும்போது, "விரதம் புடிச்சவருக்குச் சுட்டுட்டு. காத்தான்குடியில இறைச்சிக் கொத்து திண்ட எனக்கு ஒண்டுமில்ல. இப்ப சொல்லுங்க" என்று கத்தினேன். அம்மா அழுவா, அல்லது அடிப்பா என்று நினைத்தேன். அவ கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுச் சொன்னா: "தாய் தன்ட புள்ளயத்தான் மனே அடிப்பா. நீ ஆரோ எண்டு விட்டுட்டா."

அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. பரிசோதனையில் எந்த முடிவு வந்தாலும் அம்மன் தோற்க மாட்டா என்று அன்று விளங்கிக்கொண்டேன்.

இனி உங்கள் கேள்வி. கனடாத் தத்துவவாதி ஷெல்லன்பர்க் இதை 1993இல் ஒரு முறையான வாதமாகவே எழுதினார். அன்பே உருவான கடவுள் இருந்தால், மனதைத் திறந்து வைத்திருக்கிற எவருக்கும் தன்னோடு உறவாட வழி விட்டிருப்பார். தன் பிழை இல்லாமலே நம்ப முடியாதவர்கள் உலகில் இருக்கிறார்கள். ஆகவே அப்படிப்பட்ட கடவுள் இல்லை. நல்ல வாதம், நான் மறுக்கவில்லை. "தெளிவாகத் தெரிந்துவிட்டால் மனிதனுக்குச் சுதந்திரம் போய்விடும்" என்று சிலர் மறுமொழி சொல்கிறார்கள், அது எனக்கு ஒட்டவில்லை. சந்தியில் பொலிஸ் நிற்பது தெரிந்தே ஹெல்மெட் இல்லாமல் போகிறவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர்.

சைவநெறிப் பாடத்தில் படித்த ஐந்தொழில் ஞாபகம் இருக்கிறதா? படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். ஒளிந்திருப்பதையே கடவுளின் வேலைகளில் ஒன்றாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆன்மாவைப் பிடித்திருக்கிற அழுக்கைச் சைவத்தில் மலம் என்பார்கள்; அது பழுக்கும்வரை மறைப்பு, அந்த மறைப்பும் அருளே என்பது விளக்கம். ஒளிந்திருக்கிறார் என்று ஒப்புக்கொள்கிற அளவில் இது நேர்மையான பதில்தான். ஆனால் பழி எங்கே வந்து விழுகிறது பாருங்கள்: உனக்குத் தெரியவில்லையா, நீ இன்னும் பழுக்கவில்லை. மச்சானுக்கு ஊர் சொன்னதும் அதுதானே? (சித்தாந்தம் படித்தவர்கள் கோபிக்க வேண்டாம். நான் சைவநெறிப் பாடத்தைப் பள்ளிக்கூடத்தோடு விட்டவன்.)

காட்டினால் மட்டும் என்ன நடந்துவிடும்? கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயில் கதை இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போர்த்துக்கீசர் கோயிலை இடிக்க வந்து, "இந்தக் கல் நந்தி புல் தின்னுமா?" என்று கேட்டார்களாம். குருக்கள் புல்லைக் கொடுக்க, நந்தி எழுந்து தின்று சாணமும் போட்டதாம். வந்தவர்கள் பயந்து ஓடிவிட்டார்கள். ஓடினார்கள், சரி. கதையில்கூட அவர்களில் ஒருத்தனும் திருநீறு பூசவில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகும் இதே கூத்துத்தான். கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிலில் கோபுரம் சாய்ந்தது. விழாமல் நின்றதே, அதுதான் சக்தி என்றார் ஒருவர். சாய்ந்ததே என்றார் இன்னொருவர். "கடவுள் எங்களைக் காப்பாத்திட்டார்" என்று ஒருவர் சொல்லும்போது பக்கத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் நின்றுகொண்டிருந்தார். அந்த முகத்தை நான் பார்த்தேன்.

கடவுள் தன்னை மறைப்பது இருக்கட்டும், கோயில் கணக்கை ஏன் மறைக்கிறார்கள் என்பதையும் யாராவது கேளுங்கள். அந்தக் காலத்தில் கனடா, சுவிஸில் இருக்கிற எங்கள் ஊர்ச் சனத்திடம் கழிப்பறை கட்டவென்று காசு சேர்த்தார்கள். சடங்கு நாட்களில் பெண்கள் இருட்டும்வரை அடக்கிக்கொண்டு இருக்க வேண்டிய நிலை. 20 வருடத்துக்கு மேலாகிறது, அத்திவாரக் கிடங்கில் இப்போது ஆமணக்கு வளர்ந்து நிற்கிறது. முகப்புக்கு மட்டும் மூன்று தரம் பெயின்ட் அடித்தாகிவிட்டது. கேட்டால் நான் நாத்திகன்.

2005இல் அக்காவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. அம்மன் கண் திறந்துவிட்டாள் என்றது ஊர். முன்பு சொன்னதை ஒருவரும் திருப்பி எடுக்கவில்லை. மச்சான் அதற்குப் பிறகு நெருப்பில் இறங்கியதில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் குழியின் மறுகரையில் வாளியோடு நின்று, வருகிறவர்களின் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார். நான் இன்னும் நம்பவில்லை, விறகு ஏற்றி இறக்கப் போவேன். இதில் முரண்பாடு கண்டுபிடிக்கிறவர்கள் கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் மச்சானிடமே கேட்டேன். "அம்மன் நேரில வந்து நிண்டா என்ன கேப்பீங்க மச்சான்?"

யோசிக்காமல் சொன்னார். "எனக்கு முன்னால போன அந்தக் கிழவிய ஏன் நடுக்குழியில தடுமாற வெச்ச எண்டு கேப்பன்."

எனக்கு விளங்கவில்லை. அந்த அம்மா நடுவில் கால் தடுமாறி நின்றுவிட்டாவாம். இவர் தாண்டிப் போகவில்லை, பின்னால் நின்று முதுகைத் தாங்கியிருக்கிறார். "அவக்கும் சுட்டதுதான் தம்பி. மருந்து கட்டப் போன இடத்தில கண்டன். ஆருக்கும் சொல்லாத மனே எண்டு கையப் புடிச்சா."

"ஊரே உங்களப் பேசிச்சே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா அவவப் புடிச்சிருப்பானுகள்" என்றார். "செத்து அஞ்சு வருசமாப் போச்சு. இப்ப எழுது, பேரப் போடாத."